செவிலியர் மருந்தியல்: வழக்கமாகத் தரப்படும் மருந்துகளின் அடிப்படைகள்

செவிலியர் மருந்தியல் என்பது மருந்துகளைப் பற்றிய அறிவை நோயாளியின் படுக்கையருகே பயன்படுத்தக் கற்றுத்தரும் பாடப்பிரிவு ஆகும். மருந்தைத் தேர்ந்து சீட்டில் எழுதுபவர் மருத்துவர். அதை எடுத்துக் கொடுப்பவர் மருந்தாளுநர். நோயாளியின் உடலுக்குள் செலுத்துபவர் பெரும்பாலும் செவிலியர். ஆகவே முதல் இரண்டு இடங்களில் ஏதேனும் பிழை நேர்ந்திருந்தால், அதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் கடைசி வாய்ப்பு செவிலியரிடமே உள்ளது.

ஒரு மருந்தின் பெயரையும் அது எந்த நோய்க்கு உரியது என்பதையும் மனப்பாடம் செய்வது மட்டும் இப்பாடத்திற்குப் போதாது. ஒவ்வொரு மருந்திற்கும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்:

1. கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
2. கொடுத்த பின் எதைக் கவனிக்க வேண்டும்?
3. நோயாளிக்கு என்ன சொல்ல வேண்டும்?

இக்கட்டுரை அந்த மூன்று கேள்விகளின் வழியே செல்கிறது. இது கல்வி நோக்கில் எழுதப்பட்டது. இதைப் படித்து எவரும் தாமாக மருந்து உட்கொள்ளவோ நிறுத்தவோ கூடாது.

மருந்தின் பெயர்கள்

ஒரே மருந்துக்கு இரண்டு வகைப் பெயர்கள் உண்டு. ஒன்று பொதுப்பெயர்; மற்றொன்று நிறுவனம் சூட்டும் வணிகப்பெயர். குரோசின், டோலோ, கால்பால் என்னும் வணிகப்பெயர்களில் பரவலாக விற்கப்படும் காய்ச்சல் மாத்திரைகளில் இருப்பது பாரசிட்டமால் என்ற ஒரே மருந்துதான். இது தெரியாதவர் ஒன்றைக் காய்ச்சலுக்கும் மற்றொன்றைத் தலைவலிக்கும் எனச் சேர்த்து விழுங்கி, அளவை இரட்டிப்பாக்கிவிடுவார். ஆகவே செவிலியர் எப்போதும் பொதுப்பெயரைக் கொண்டே மருந்தை அடையாளம் காணப் பழக வேண்டும்.

ஒலியில் ஒத்த பெயர்கள் மற்றோர் ஆபத்து. டோபமின், டோபுட்டமின் ஆகிய இரண்டும் இதயம் சார்ந்த அவசர மருந்துகளே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தொலைபேசி வழியாக மருந்து சொல்லப்பட்டால், பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உடலுக்குள் மருந்தின் பயணம்

உட்கொண்ட மருந்து நான்கு நிலைகளைக் கடக்கிறது:

- உறிஞ்சப்படுதல்: குடல், தசை, தோல் முதலியவற்றிலிருந்து மருந்து இரத்தத்தில் கலக்கிறது. சிரை வழியே செலுத்தும்போது இந்த நிலை இல்லை. மருந்து நேரே இரத்தத்தில் சேர்கிறது. சிரை ஊசியில் நேரும் பிழையைத் திரும்பப் பெற இயலாததற்கு இதுவே காரணம்.
- பரவுதல்: இரத்தம் மருந்தைத் திசுக்களுக்குக் கொண்டு செல்கிறது.
- மாற்றமடைதல்: பெரும்பாலும் கல்லீரலில் மருந்து வேதிமாற்றம் அடைகிறது.
- வெளியேறுதல்: பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது.

கல்லீரல் அல்லது சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கும் முதியவர்க்கும் வழக்கமான அளவே மிகையாகிவிடக்கூடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம் அரை ஆயுள் எனப்படும். பாரசிட்டமாலின் அரை ஆயுள் சுமார் 2 முதல் 3 மணி நேரம். எனவே அதை ஒரே நாளில் பல முறை தர வேண்டியுள்ளது. அம்லோடிபினின் அரை ஆயுள் 30 மணி நேரத்திற்கும் மேல். எனவே அதை நாளுக்கு ஒரு முறை தந்தால் போதும்.

மருந்து செல்லும் வழியும் காரணமின்றி அமைவதில்லை. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி தந்தால் மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும் என்பதால் ஊசியாகத் தரப்படுகிறது. நெஞ்சுவலிக்கான ஐசோசார்பைடு டைநைட்ரேட்டை நாக்கின் அடியில் வைத்தால், அது கல்லீரலைச் சுற்றிப் போகாமல் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையையும், குடலில் மட்டும் கரையும்படி பூச்சு பூசிய மாத்திரையையும் பொடித்துத் தரக்கூடாது. பொடித்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும். பூச்சின் பாதுகாப்பும் போய்விடும்.

மருந்துச் சீட்டின் குறியீடுகள்

இந்திய மருத்துவமனைகளில் புழங்கும் சில சுருக்கங்கள்:

- ஓ.டி. – நாளுக்கு ஒரு முறை
- பி.டி. – நாளுக்கு இரு முறை
- டி.டி.எஸ். – நாளுக்கு மூன்று முறை
- எச்.எஸ். – உறங்கும் முன்
- ஏ.சி. – உணவுக்கு முன்
- பி.சி. – உணவுக்குப் பின்
- எஸ்.ஓ.எஸ். – தேவைப்பட்டால் மட்டும்
- ஸ்டாட் – உடனடியாக, ஒரு முறை

எண்களை எழுதுவதிலும் ஒழுங்கு உண்டு. அரை மில்லிகிராமை ".5" என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகப் படிக்கப்படலாம், "0.5" என்றே எழுத வேண்டும். அதே காரணத்தால் 1 மி.கி. என்பதை "1.0" என எழுதக்கூடாது, அது 10 ஆகத் தெரியும். இன்சுலின் அளவில் 'யூனிட்' என்ற சொல்லை முழுமையாக எழுத வேண்டும். அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எழுதினால் அது பூச்சியம் போலத் தோன்றி, 4 யூனிட் 40 ஆகிவிடும். எழுத்து விளங்கவில்லை என்றால் ஊகிக்காமல் எழுதியவரிடமே கேட்க வேண்டும்.

ஐந்து சரிகள்

மருந்து கொடுக்கும்போது சரிபார்க்க வேண்டியவை ஐந்து: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கொடுத்ததைச் சரியாகப் பதிவு செய்வதை ஆறாவதாகப் பல பாடநூல்கள் சேர்க்கின்றன. கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடும் வழக்கம் தவறானது. நோயாளி வாந்தி எடுக்கலாம். மாத்திரை வேண்டாம் என்று மறுக்கலாம். அந்நேரம் ஸ்கேன் எடுக்கச் சென்றிருக்கலாம்.

நோயாளியை அடையாளம் காண, "நீங்கள்தானே முருகேசன்?" என்று கேட்கக்கூடாது. காது சரியாகக் கேளாத முதியவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையசைப்பர். "உங்கள் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டு, வரும் விடையைக் கைப்பட்டையுடனும் நோயாளிப் பதிவேட்டுடனும் ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கைகள் மாறும்.

மருந்தின் பெயர்ச்சீட்டை மூன்று முறை படிப்பது மரபு: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது. காலாவதித் தேதியையும் ஒவ்வாமைக் குறிப்பையும் உடன் பார்க்க வேண்டும்.

மருந்தளவுக் கணக்கு

அளவைகளின் உறவு எளியது: 1 கிராம் = 1000 மி.கி.; 1 மி.கி. = 1000 மைக்ரோகிராம். மருந்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கான சூத்திரம்:

தேவையான அளவு ÷ கையிருப்பின் அளவு × கையிருப்பின் கொள்ளளவு

எடுத்துக்காட்டு 1: 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மி.கி. என எழுதப்பட்டுள்ளது.

தேவை: 12 × 15 = 180 மி.கி.
கையிருப்பு: 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்.
180 ÷ 250 × 5 = 3.6 மி.லி.

இதே மருந்து 1 மி.லி.யில் 100 மி.கி. கொண்ட சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. அதில் தேவைப்படுவது 1.8 மி.லி. மட்டுமே. சிரப்புக்குரிய 3.6 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் குழந்தைக்கு 360 மி.கி. சென்றுவிடும். அதாவது இரு மடங்கு. ஆகவே "எத்தனை மி.லி.?" என்பதற்கு முன் "எந்தச் செறிவு?" என்று கேட்க வேண்டும். வீட்டு ஸ்பூன்கள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், புட்டியுடன் வரும் அளவு மூடியையோ மருந்துக் குழலையோ பயன்படுத்தும்படி பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டு 2: 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். பயன்படுத்தும் செட் 1 மி.லி.க்கு 20 சொட்டு தருவது.

சொட்டு வேகம் = கொள்ளளவு × ஒரு மி.லி.க்கான சொட்டுகள் ÷ நிமிடங்கள்
500 × 20 ÷ 240 = 41.67; அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டுகள்.

குழந்தைகளுக்கான மைக்ரோ செட் 1 மி.லி.க்கு 60 சொட்டு தரும். செட்டின் உறையில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்த பின்னரே கணக்கிட வேண்டும்.

வழக்கமாகத் தரப்படும் மருந்துகள்

பாரசிட்டமால்: பெரியவர்க்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம் வரை. இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம். 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிறது. மிகையானால் கல்லீரல் பழுதாகும். முதல் நாளில் பெரிய அறிகுறி எதுவும் தெரியாமலே இருப்பதுதான் இதன் கொடுமை. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் தொடக்கத்திலேயே தரப்பட்டால் நன்கு பயன்படும். ஆகவே "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்கக்கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமால் கலந்திருப்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள்: அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தைத் தரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முன்பு எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை வந்ததா என்பது. தோல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஊசிக்குப் பின் நோயாளியைக் கண்காணிக்க வேண்டும். தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை கடும் ஒவ்வாமையின் அடையாளங்கள். அப்போது முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்க்கு 1 மி.லி.யில் 1 மி.கி. செறிவுள்ள மருந்தில் 0.5 மி.லி. தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படுகிறது. ஜென்டாமைசின் தரப்படும் நோயாளியிடம் சிறுநீர் அளவையும், காது இரைச்சல் உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். செஃப்ட்ரையாக்சோனைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தில் கலக்கக்கூடாது, வீழ்படிவு உண்டாகும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்பதும், மீந்ததை அடுத்தவருக்குத் தர வேண்டாம் என்பதும் நோயாளிக்கான அறிவுரைகள்.

இரத்த அழுத்த மருந்துகள்: எந்த மருந்தாயினும் கொடுக்கும் முன் அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்ப்பது பொது விதி. அம்லோடிபின் கணுக்காலில் வீக்கம் தரலாம். எனலாபிரில், ராமிபிரில் ஆகியவை வறட்டு இருமலைத் தரலாம், பொட்டாசியத்தை உயர்த்தலாம், கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாதவை. உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசர நிலை. அட்டினலால், மெட்டோபுரோலால் ஆகியவற்றைத் தரும் முன் நாடி 60-க்குக் கீழ் இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரக்கூடும். நீரிழிவு நோயாளியிடம் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் இவை மறைத்துவிடும். வியர்வை மட்டுமே தெரியக்கூடும். முதல் சில நாள்கள் படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும் என்பதை முதியவர்க்குத் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஃப்யூரோசெமைடும் டிஜாக்சினும்: ஃப்யூரோசெமைடு சிறுநீரைப் பெருக்கி உடலில் தேங்கிய நீரை வெளியேற்றுகிறது. நோயாளியின் தூக்கம் கெடாதிருக்க இது பெரும்பாலும் காலையில் தரப்படுகிறது. தினசரி எடை, நீர் உட்செல்லும் அளவு, வெளியேறும் அளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இது பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். நரிக்கையுறைச் செடியிலிருந்து பெறப்படும் டிஜாக்சின் இதயத்தின் சுருங்கு விசையை வலுப்படுத்துகிறது. அச்செடியின் மருத்துவப் பயனை வில்லியம் விதரிங் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1785-இல் நூலாக வெளியிட்டார். இதைத் தரும் முன் இதயத்தின் மீது ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்க்கு 60-க்குக் குறைந்தால் தராமல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிதல் ஆகியவை நச்சுத்தன்மையின் அறிகுறிகள். பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சினின் நச்சுத்தன்மை கூடும். ஆகவே இவ்விரு மருந்துகளும் ஒரே நோயாளிக்குத் தரப்படும்போது இரத்தப் பொட்டாசியத்தைக் கவனிப்பது முக்கியம்.

இரத்தம் உறைவதைத் தடுப்பவை: ஆஸ்பிரின், வார்ஃபரின், ஹெப்பாரின் ஆகியவற்றின் பொதுவான ஆபத்து இரத்தக்கசிவு. ஈறு, சிறுநீர், மலம், தோலில் நீலத்திட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர். சோதனை வழிகாட்டி, பல நோய்களில் 2 முதல் 3 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வர். மாற்று மருந்து வைட்டமின் கே. கீரைகளில் இந்த வைட்டமின் மிகுதி. கீரையை அறவே விட வேண்டியதில்லை; ஒரு வாரம் நிறைய, மறுவாரம் இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டு வந்தால் போதும். ஹெப்பாரினுக்கு மாற்று மருந்து புரோட்டமின்.

வயிறு சார்ந்த மருந்துகளும் தைராய்டு மருந்தும்: ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் ஆகியவற்றைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு தர வேண்டும். தைராக்சினை வெறும் வயிற்றில் தந்து, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளித் தர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பியுடன் விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. மலம் கருமையாகப் போவது இயல்பு என்று கர்ப்பிணிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், பயந்து மாத்திரையை நிறுத்தமாட்டார்கள்.

சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டும்: சால்பியூட்டமால் மூச்சுக்குழாயை விரிக்கும், கைநடுக்கமும் படபடப்பும் தரலாம். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தியபடி மெதுவாக உள்ளிழுத்து, ஏறத்தாழ 10 விநாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாயைக் கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சைத் தொற்று வரும். பிரெட்னிசலோன் மாத்திரையை உணவுக்குப் பின் தர வேண்டும். இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். நீண்ட நாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நீரிழிவு மருந்துகள்: மெட்ஃபார்மினை உணவோடு தந்தால் வயிற்று உபாதை குறையும். சிறுநீரகப் பழுது உள்ளவர்க்கு இது ஆகாமல் போகலாம் என்பதால் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைத் தந்தபின் நோயாளி உணவு உண்டாரா என்பதை உறுதி செய்ய வேண்டும். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இன்சுலின்: இந்தியாவில் 1 மி.லி.யில் 40 யூனிட் கொண்ட குப்பியும், 100 யூனிட் கொண்ட குப்பியும் விற்பனையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிக்குழல் உண்டு. வழக்கமாக 40-க்கு உரியது சிவப்பு மூடியும், 100-க்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டிருக்கும். 40-க்கு உரிய ஊசிக்குழலில் 20 என்ற கோடு 0.5 மி.லி.யைக் குறிக்கிறது. அதே ஊசிக்குழலில் 100 யூனிட் குப்பியிலிருந்து 20-ஆம் கோடு வரை எடுத்தால் உள்ளே செல்வது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். மாறாக, 100-க்கு உரிய ஊசிக்குழலில் 40 யூனிட் குப்பியிலிருந்து 20-ஆம் கோடு வரை எடுத்தால் கிடைப்பது 8 யூனிட் மட்டுமே. முதலாவது சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளும். இரண்டாவது நோயைக் கட்டுப்படுத்தாது. குப்பியில் உள்ள எண்ணும் ஊசிக்குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் தாமே ஊசி போட்டுக்கொள்பவர்க்குக் கற்பிக்க வேண்டிய முதல் பாடமும் இதுவே.

இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் இறங்கினால், விழுங்கும் நிலையில் உள்ளவர்க்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது ஏறத்தாழ 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அதிக எச்சரிக்கை தேவைப்படும் மருந்துகள்

சில மருந்துகளில் சிறு பிழையும் உயிரைப் பறிக்கும். இன்சுலினும் ஹெப்பாரினும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றை இருவர் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபார்த்த பின்னரே தர வேண்டும்.

- பொட்டாசியம் குளோரைடு: 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்குவலன்ட் உள்ளது. இதை நீர்க்கச் செய்யாமல் நேரே சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து, நன்கு குலுக்கி, மெதுவாகவே ஏற்ற வேண்டும்; சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்குவலன்ட் என்பது வழக்கமான உச்ச வேகம். பார்வைக்கு இது ஊசிக்கான தூய நீர் போலவே இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.
- மார்ஃபின்: தரும் முன்னும் பின்னும் மூச்சு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். நிமிடத்திற்கு 12-க்குக் குறைந்தால் தராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மாற்று மருந்து நலோக்சோன்.
- ஃபெனிட்டாயின்: பெரியவர்க்குச் சிரைவழி நிமிடத்திற்கு 50 மி.கி.க்கு மேல் செலுத்தக்கூடாது. சலைனில் மட்டுமே கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோசில் படிந்துவிடும்.
- மெத்தோட்ரெக்சேட்: மூட்டுவாதத்திற்கு வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே தரப்படுகிறது. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். எந்தக் கிழமை என்பதை உறையின் மீது தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

சட்ட ஏற்பாடுகள்

இந்தியாவில் மருந்துகளின் தயாரிப்பையும் விற்பனையையும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அதன் விதிகளில் உள்ள எச் அட்டவணை மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது. எச்1 அட்டவணை மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மார்ஃபின் போன்றவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகின்றன. வார்டில் இவற்றைப் பூட்டி வைத்து, ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பிழை நேர்ந்தால்

மருந்து மாறிவிட்டது அல்லது அளவு கூடிவிட்டது என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை:

1. மருந்து ஏறிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துதல்.
2. நோயாளியின் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவுநிலை ஆகியவற்றைப் பார்த்தல்.
3. மருத்துவருக்கும் பொறுப்புச் செவிலியருக்கும் உடனே தெரிவித்தல்.
4. மாற்று மருந்து இருப்பின் ஆயத்தம் செய்தல்.
5. நடந்ததை நேரத்துடன் உள்ளபடி பதிவு செய்தல்.

தண்டனைக்கு அஞ்சிப் பிழையை மறைப்பது இரண்டாவது பிழை. அதுவே பல வேளைகளில் முதல் பிழையைவிடக் கொடியது. பாரசிட்டமால், இன்சுலின், மார்ஃபின், ஹெப்பாரின் ஆகிய நான்கிலும் மிகையைச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் அது காலத்தோடு சொன்னால் மட்டுமே பயன்படும்.

மருந்தினால் உண்டாகும் தீய விளைவுகளைத் திரட்டி ஆராய இந்திய அரசு 2010-இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியர், மருந்தாளுநர், நோயாளி ஆகியோரும் இத்திட்டத்திற்குத் தகவல் அனுப்பலாம்.